அக்குறணை: வமிசாவளியும் வரலாறும்

கண்டி நகரிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி வடக்கே செல்லும் பெருந்தெருவிலே, கட்டுகஸ்தோட்டையிற் மாவலி கங்கையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், இருமருங்கும் கடைகள் நெருங்கி நிற்கும் ஓர் ஊர் எதிர்ப்படும். நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர். அதுவே அக்குறணை. நாட்டின் செய்தித்தாள்கள் இவ்வூரை நினைவுகூரும் நாள்கள் மிகச் சில. பிங்கா ஓயா பெருகிக் கடைவீதியை மூழ்கடிக்கும் நாள்கள். 2018 மார்ச்சிலே கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கெதிரான வன்செயல் மூண்டு அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்ட நாள்கள். 2020 மார்ச் இறுதியிலே கொரோனாத் தொற்றினால் ஊர் முழுவதும் அடைக்கப்பட்ட நாள்கள். வெள்ளமும் தீயும் நோயும் இல்லாத நாளில் அக்குறணை எவருக்கும் செய்தியன்று.

ஊரார் தம்மூரைப் பற்றி எழுதாமலும் இல்லை. பாடசாலை ஆண்டு நிறைவு, பள்ளிவாசற் புதுக்கட்டடத் திறப்பு, சங்கங்களின் வெள்ளிவிழா எனும் தறுவாய்களில் வெளிவரும் மலர்களைப் புரட்டுவோர் ‘ஊர் வரலாறு’ என்றொரு கட்டுரையைத் தவறாது காண்பர். அக்கட்டுரை மூன்று அறபியரோடு தொடங்கும். அடுத்த பக்கத்திலே அது இருபதாம் நூற்றாண்டிற்குத் தாவிவிடும். பாடசாலை நிறுவுநர், கொடையாளர், பாராளுமன்ற உறுப்பினர் என்போரின் நிழற்படங்கள் தொடரும். 1977 முதல் 1989 வரை நாட்டின் வெளிநாட்டமைச்சராக விளங்கிய ஏ. சி. எஸ். ஹமீத் இவ்வூரிற் பிறந்தவர். அவருக்குப் பக்கங்கள் ஒதுக்குவது தகும். ஆயின் மூன்று அறபியருக்கும் அமைச்சருக்கும் இடைப்பட்ட மூன்று நூற்றாண்டுகளில் இவ்வூரில் யார் உழுதனர், யார் சுமந்தனர், யார் யாரை மணந்தனர், எந்நிலம் எவர் கைக்கு எவ்வாறு மாறியது என்பன குறித்து ஒரு பத்தியேனும் கிடைப்பது அரிது. ஊர் வரலாறு என்னும் பெயரில் எழுதப்படுவது உண்மையில் வமிசாவளியே. வமிசாவளி வேறு, வரலாறு வேறு என்பதனை உணராதவரை இவ்வூருக்கு இரண்டாவது வாய்க்கப்போவதில்லை.

கதை யாதெனில்: இரண்டாம் இராசசிங்கன் (1635–1687) காலத்திலே அறபியர் மூவர் கண்டி இராச்சியத்துட் புகுந்தனர், கண்டிப் பெண்களை மணந்தனர், மன்னனின் சினத்திற்கும் பின்னர் அவனது தயவுக்கும் ஆளாயினர், அவர்தம் வழித்தோன்றல்களே அக்குறணை முஸ்லிம்கள். சிலர் இதனோடு பறங்கியர்க்கெதிரான பலனைப் போரையும் இணைத்துக் கூறுவர். மூவரும் மன்னன் பக்கம் நின்று போரிட்டமையாற் காணி பெற்றனர் என்பது அவர் கூற்று. பலனைக் கணவாயிலே போர்த்துக்கேயரோடு நிகழ்ந்த பெயர்பெற்ற மோதல்கள் இராசசிங்கன் அரியணை ஏறுமுன்னரே, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நிகழ்ந்தவை. அவன் காலத்துப் பெரும்போர் 1638இற் கன்னொறுவையில் நடந்தது. பேராதனை வளாகத்து மாணவர் ஆற்றைக் கடந்தால் அக்களத்தில் நிற்கலாம். கதையின் காலக்கணிப்பு இவ்வாறு தடுமாறுகின்றது என்பதற்காக அதனைப் பொய்யென்று தள்ளுவதும் அறிவுடைமையன்று. செவிவழிச் செய்தி ஆண்டுக் குறிப்பேடன்று. அது எதனை நினைவிற் கொள்ளுகிறது, எதனை மறக்கிறது என்பதே ஆய்வாளன் கேட்கவேண்டிய வினா.

இக்கதை மறந்தவை எவை? முதலாவதாக, பெண்கள். மூவர் வந்தனர் என்று எண்ணிக்கையோடு கூறும் கதை, அவர் மணந்த பெண்கள் எந்த ஊரினர், எந்தக் குடியினர், பெயர் யாது என்று கூறுவதில்லை. விசயன் கதையிலே குவேனி கைவிடப்பட்டாலும் அவளுக்கு ஒரு பெயராவது எஞ்சியது. அக்குறணைத் தாய்மாருக்கு அதுவும் இல்லை. ஒரு குழந்தையின் குருதியிற் பாதி தாயினுடையது என்பதனை அறிய உயிரியல் கற்கவேண்டியதில்லை. கதையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், முதல் தலைமுறையிலேயே இவ்வூர் பாதி கண்டியூர். அடுத்தடுத்த தலைமுறைகளின் மணவுறவுகளையும் கூட்டிக் கணக்கிடுவோர்க்கு, ‘நாம் அறபியர்’ என்னும் கூற்றில் எவ்வளவு எஞ்சும் என்பது வெளிப்படை.

இது வெறும் குருதிக் கணக்கன்று, காணிக் கணக்குமாகும். கண்டி இராச்சியத்திலே நிலம் என்பது சேவையோடு பிணைந்தது. புதிதாக வந்த ஒருவன் நிலத்தோடு தொடர்பு பெற இரு வழிகளே எளிதில் திறந்திருந்தன எனலாம்: ஒன்று, இராசகாரியத்திற்கு ஈடாக அரசன் வழங்கும் காணி; மற்றையது, மனைவி வழி வரும் காணி. கண்டி வழமையிலே திருமணம் இருவகைப்படும். மனைவி கணவன் வீடு செல்வது தீக. கணவன் மனைவி வீட்டிற்கு வந்து வாழ்வது பின்ன. பின்ன மணத்திலே மகள் தந்தையின் நிலவுரிமையை இழப்பதில்லை. ஊரும் உறவும் இல்லாது வந்த மூவருக்கு இவற்றுள் எது பொருந்தும்? மன்னன் அளித்த மானியத்தை மாத்திரம் கதை நினைவிற் கொண்டது. மாமியார் வீட்டு முற்றத்தை மறந்துவிட்டது. ஆண்கள் சொல்லி ஆண்கள் எழுதிய கதை வேறெவ்வாறு அமையும்?

கதை மறந்த இரண்டாவது பொருள் தொழில். கண்டி அரசு கரையோரத்தை அந்நியரிடம் இழந்த மலைநாட்டு அரசு. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. உப்பும் கருவாடும் துணியும் மலையேற வேண்டும். பாக்கும் மலைவிளை பொருள்களும் கீழிறங்க வேண்டும். பொதிமாட்டுத் தவளங்களை ஓட்டி இவ்விரு உலகங்களையும் இணைத்தவர்களுள் முஸ்லிம்கள் முதன்மையானோர். பொதிமாட்டுச் சேவைக்கெனவே ‘மடிகே’ என்னும் அரச பிரிவு இருந்தது. மன்னன் செனரத் 1626இலே போர்த்துக்கேயராற் கரையோரத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது போர்த்துக்கேய வரலாற்றேட்டிலேயே பதிவாகியுள்ளது. இராசசிங்கனின் கைதியாக 1660 முதல் 1679 வரை மலைநாட்டில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், கண்டியில் முஸ்லிம்களுக்கு ஒரு வழிபாட்டிடம் இருந்ததையும், முன்னைய அரசனின் ஆணைப்படி காணியுடையோர் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பணம் செலுத்தும் வழக்கம் இருந்ததையும் குறிப்பிடுகிறான். இத்துணை விரிந்த பின்னணியிலே வைத்து நோக்கும்போது, மாத்தளைக்கும் அதற்கப்பால் வடக்கிற்கும் செல்லும் வழியில், தலைநகருக்கு ஒரு காலை நடைத் தொலைவில், ஆற்றங்கரையில் ஒரு முஸ்லிம் ஊர் எழுந்தமை வியப்பன்று. அதனை விளக்க மூன்று அறபியர் தேவையில்லை. வழியும் சுமையும் ஆறும் போதும். மூவர் வந்திருக்கலாம், வந்தவர் தங்குவதற்கு ஒரு காரணமும் இருந்திருக்க வேண்டும்.

அவ்வாறாயின், பல இழைகளுள் ஒன்றான அறபு வமிசக் கதை முழு வரலாறாக எப்போது தடித்தது? இவ்வினாவுக்கு விடை அக்குறணையில் இல்லை, கொழும்பில் உண்டு. ஹாஷிம் குலத்தார் இலங்கையில் வந்து குடியேறினர் என்னும் மரபை 1827இல் ஐரோப்பிய வாசகர்க்கு எடுத்துரைத்தவர் பிரதம நீதியரசராயிருந்த அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன். 1888இலே பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஏசியாற்றிக் சங்கத்தின் இலங்கைக் கிளையிற் கட்டுரை படித்து, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். சட்டநிரூபண சபையிலே முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி தேவையா என்ற வினா நிலவிய காலம் அது. 1889இல் அப்பிரதிநிதித்துவம் வழங்கப்பட்டது. இராமநாதனுக்கு மறுப்பாக ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் ஒரு நூலே வெளியிட்டார். சோனகரின் மூலம் அறபு நாடே என்பது அவர் நிலை. ஒருவர் மொழியைக் காட்டி இனத்தை நிறுவினார். மற்றவர் குருதியைக் காட்டி இனத்தை நிறுவினார். இருவரும் தத்தம் வழக்கிற்குத் தேவையான சான்றை எடுத்தனர். சபையில் ஓர் ஆசனம் பற்றிய வழக்கு அது. வழக்கு முடிந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் வழக்கறிஞரின் வாதக் குறிப்பை ஊர்ச் சரித்திரமாக அச்சிட்டு வருவது நின்றபாடில்லை.

இவ்விரு பெரியாரும் அக்குறணைத் தெருக்களில் ஒரு நாள் நடந்திருப்பின் இருவர் வாதமும் இடர்ப்பட்டிருக்கும். புளுகஹதென்ன, துனுவில, நீரெல்ல, மல்வானஹின்ன, கசாவத்தை. ஒழுங்கைக்கு ஒழுங்கை சிங்களப் பெயர். புளு என்பது தான்றி மரம். கஹ என்பது மரம். தென்ன என்பது மலைநாட்டில் மேட்டுச் சமநிலம். வந்தேறிய ஒருவன் தன் நிலத்திற்குத் தன் மொழியிற் பெயரிடுவான். அக்குறணையாரோ முன்பிருந்தோர் இட்ட பெயரை மாற்றாது அதனுள்ளே குடிபுகுந்தனர். கண்டி முஸ்லிம் குடும்பங்கள் பல ‘கெதர’ என முடியும் வீட்டுப்பெயர்களை உறுதிகளில் இன்றும் தாங்கி நிற்கின்றன. வீட்டினுட் புகுந்தால் வழங்கும் மொழி தமிழ். வாப்பா, உம்மா, நானா, தாத்தா என்னும் உறவுமுறை. இத் ‘தாத்தா’ ஒன்றே ஒரு மொழியியல் மாணவனுக்குப் போதிய ஆய்வுப்பொருள். தமிழகத்தில் அது பாட்டன். சிங்களத்தில் அது தந்தை. அக்குறணையில் அது மூத்த சகோதரி. மூன்று மொழிச் சமூகங்கள் ஒரே ஒலிக்கூட்டத்தை மூன்று உறவுகளுக்கு வழங்க, ஒரே கடைத்தெருவில் மூவரும் நின்று குழப்பமின்றிப் பேரம் பேசி வருகின்றனர்.

கசாவத்தை என்னும் பெயரைக் கேட்டதும் தமிழ் மாணவன் நினைக்கவேண்டிய மற்றொருவர் உண்டு. கசாவத்தை ஆலிம் புலவர் என்று போற்றப்படும் அறிஞர் அவ்விடத்தவர். கண்டி மாநகரிலே 1838இற் பிறந்து, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்ட சித்திலெவ்வை இலக்கிய வரலாற்று நூல்களில் இடம்பெற்றுவிட்டார். ஆயின் அவரைச் சூழ்ந்த மலைநாட்டு ஊர்களின் புலமை மரபு, அறபு எழுத்திலே தமிழை எழுதிய அறபுத்தமிழ் ஏடுகள், பள்ளிவாசற் திண்ணைகளிற் பாடப்பட்ட மாலைகள் என்பன பாடத்திட்டத்தின் ஓரத்திலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஓர் ஓலைச்சுவடி செல்லரித்தால் அது தமிழின் இழப்பு. அக்குறணையில் ஓர் அறபுத்தமிழ்க் கையேடு செல்லரித்தால் அது முஸ்லிம்களின் உள்வீட்டு விடயம். இந்தக் கணக்கைப் போட்டுக்கொடுத்தவர் யார் என்று தமிழ்த்துறைகள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

பிரித்தானியர் காலத்தைப் பற்றி மலர்கள் ஏறத்தாழ மௌனம் சாதிக்கின்றன. ஊரை இன்றைய வடிவுக்குக் கொணர்ந்த காலம் அதுவேயாகும். 1815இற் கண்டி வீழ்ந்தது. 1818இலே கண்டி நாட்டு முஸ்லிம்களைச் சிங்களத் தலைவரின் அதிகாரத்தினின்றும் விலக்கித் தனித் தலைவரின் கீழ் அமைத்தது புதிய அரசு. அது சலுகை போலத் தோன்றினும், அயலவரிடையே கோடு கிழித்த முதற் கத்தி அதுவெனக் கூறுதல் மிகையாகாது. கரையோர முஸ்லிம்களுக்கென 1806இல் ஆக்கப்பட்ட சட்டக்கோவை, 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாற் கண்டி மாகாணங்களுக்கும் விரிக்கப்பட்டது. அதன் விளைவு சிந்திக்கத்தக்கது. கண்டி வழமைப்படி தீக மணம் முடித்துச் சென்ற மகள் தந்தையின் நிலத்தில் உரிமை இழப்பாள். முஸ்லிம் சட்டப்படி அவள் எங்கு வாழினும் ஆண்மகன் பங்கிற் பாதி அவளுக்கு உண்டு. ஒரே ஊரில், ஒரே வேலியின் இருபுறமும், இரு மகள்மாருக்கு இரு சட்டங்கள். இதனாற் காணிகள் எவ்வாறு துண்டுபட்டன, எவ்வெப் பெண்கள் வழக்காடி வென்றனர், எவர் அண்ணன்மாரின் முகத்திற்காக விட்டுக்கொடுத்தனர் என்பனவற்றைக் கண்டி நீதிமன்ற ஏடுகளும் குடும்பங்களின் உறுதிகளுமே சொல்லவல்லன. கதை பெயரிடாது விட்ட பெண்களை வரலாறு சந்திக்கக்கூடிய இடம் அதுதான்.

பின்னர்க் கோப்பி வந்தது, பெருந்தெரு வந்தது, மாட்டுவண்டி வந்தது. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. ஆனால் தண்டவாளம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கிழக்கே விலகி, வத்தேகமை, உக்குவளை வழியாகச் சென்றது. அக்குறணைக்கு நிலையம் இல்லை. புகையிரதம் புறக்கணித்த ஊர் தெருவையே பற்றிக்கொண்டது. அவ்வூர் அடையாளங்களுள் மிக உயிர்ப்பானவை எவை என்று கேட்பின், பள்ளிவாசலுக்கு அடுத்தபடி மைற்கட்டைகளையே சுட்டல் வேண்டும். ஆறாங்கட்டை, ஏழாங்கட்டை, எட்டாங்கட்டை என்றே ஊரார் இடஞ்சுட்டுவர். நாடு கிலோமீற்றருக்கு மாறிப் பல்லாண்டுகள் ஆகியும், பேருந்தில் இறங்குவோர் எட்டாங்கட்டையிலேயே இறங்குகின்றனர். தொல்லியலாளர் கல்லைப் பாதுகாப்பர். இங்கே மக்கள் கல்லைத் தம் நாவில் ஏற்றிப் பாதுகாத்துள்ளனர். கண்டியை மையமாக வைத்து அளந்து நாட்டிய தெரு, ஓர் ஊரின் உட்பிரிவுகளுக்கே பெயரிட்ட கதை இது. எந்த மலரிலும் இதற்கு ஒரு வரி கிடையாது. அறபு நாட்டிலிருந்து வராத காரணத்தினாற் போலும்.

இனி, பிங்கா ஓயா. ஊரின் தலையாய அடையாளம் இவ்வாறு. மேற்கூறிய தெருவும் இவ்வாறும் ஒரே பள்ளத்தாக்கைப் பங்கிட்டுக்கொண்டு தெற்கே இறங்குகின்றன. ஆறு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மாவலியோடு கலக்கிறது. ஆற்றோரத் தாழ்நிலம் நீருக்கும் நெல்லுக்கும் உரியது. வெள்ளம் வந்தால் வயலில் இரண்டு நாள் நின்று வண்டலை விட்டுச் செல்லும். தெருவோரக் காணியின் விலை ஏற ஏற, அத்தாழ்நிலம் கடைத்தளமாயிற்று. கடைகள் பின்புறம் நீண்டு ஓயாவின் கரையை மிதித்தன. தூண்கள் நீரோட்டத்தினுள்ளேயே இறங்கின. மழைநீருக்கு வமிசாவளி தெரியாது. தன் பழைய இடத்தை அது தேடி வருகிறது. ஊரார் அதனை ‘வெள்ள அனர்த்தம்’ என்கின்றனர். 2025 நவம்பர் இறுதியிலே ‘டித்வா’ புயல் கண்டி மாவட்டத்தைச் சிதைத்த பின்னராயினும், ஆறு எவ்வளவு அகலமாக இருந்தது என்னும் வினா வரலாற்று வினா என்பதனை ஒப்புக்கொள்ளல் வேண்டும். முந்நூறு ஆண்டுக்கு முன் வந்த மூவரின் வழிவந்தோம் என்பதனை ஐயமின்றிக் கூறும் ஓர் ஊர், தன் ஆற்றின் எல்லை நேற்று எங்கிருந்தது என்பதனைக் கூறத் தயங்குகிறது. முன்னையதைக் கூறுவதால் எவர் கடையும் இடிபடாது. பின்னையதைக் கூறினால் இடிபடும். வமிசாவளி செழிப்பதற்கும் வரலாறு மெலிவதற்கும் இதனினும் எளிய காரணம் தேடவேண்டுவதில்லை.

‘சிற்றூர் வரலாறு குறுகிய நோக்குடையது, இனவுணர்வை வளர்ப்பது, பல்கலைக்கழகத்தின் பணி அன்று’ என்று விரிவுரை மண்டபங்களில் ஒரு மறுப்பு எழுவதுண்டு. கேட்பதற்குப் பெருந்தன்மையாக உள்ள இம்மறுப்பு, உண்மையிற் சோம்பலின் மறுபெயர். 1915இலே கண்டியில் மூண்டு பல மாகாணங்களுக்குப் பரவிய கலவரத்தின் போதும், 2018 மார்ச்சிலும், தீ வைத்தோரின் வாயில் இருந்த சொல் ஒன்றே: இவர்கள் அந்நியர். அச்சொல்லுக்கு மறுமொழி எங்கே இருக்கிறது? புளுகஹதென்ன என்னும் பெயரில் இருக்கிறது. கெதரப் பெயரில் இருக்கிறது. மன்னனுக்குச் சுமந்த உப்பில் இருக்கிறது. பெயர் மறைந்த அந்தக் கண்டிப் பெண்களிடம் இருக்கிறது. ஆனால் விழா மலரோ, ‘நாம் அறபு நாட்டிலிருந்து வந்தோம்’ என்று பொன்னெழுத்தில் அச்சிடுகின்றது. அறபு நாட்டுக்கே திரும்பிப் போ என்பவனுக்கு இதனினும் வாய்ப்பான சான்றை வேறு யார் கொடுப்பர்? பெருமைக்காக எழுதிய வரி, பகைவன் கையிற் பத்திரமாகின்றது.

அறபுத் தொடர்பை மறைக்கவேண்டும் என்பதன்று இதன் பொருள். கொழும்பிற் கிடைத்த, கி.பி. 948ஆம் ஆண்டைக் குறிக்கும் அறபுக் கல்லறைக் கல்வெட்டு ஆயிரமாண்டுத் தொடர்புக்குச் சான்று. அதனை எவரும் அழிக்கவியலாது. மறைக்கப்படுவது மற்றைய இழைகளே. அவற்றை மீட்பதற்கு ஆவணங்கள் இல்லையென்று கூறுவோர் தேடாதவர். கண்டி மாவட்ட நீதிபதியாயிருந்த ஆர்ச்சிபோல்ட் லோறி, 1896இலும் 1898இலும் மத்திய மாகாணத்துக் கிராமங்களை அகரவரிசையில் எடுத்து, சன்னசுகளையும் வழக்கேடுகளையும் ஆராய்ந்து இரு தொகுதிகள் வெளியிட்டார். 1870ஆம் ஆண்டுச் சேவைக்காணிச் சட்டத்தை ஒட்டி, விகாரை, தேவாலயக் காணிகளில் யார் எச்சேவைக்குக் கடமைப்பட்டிருந்தனர் என்பது ஊர்வாரியாகப் பதியப்பட்டது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் பள்ளிவாசல்களின் பதிவுக்கு வழிசெய்தது. லோணா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூலிலே கண்டி முஸ்லிம்கள் சிங்கள அரசோடும் விகாரைகளோடும் கொண்டிருந்த சேவையுறவுகளை விரிவாக எடுத்துக்காட்டினார். ஆங்கிலேய நீதிபதி ஒருவர் குதிரை வண்டிக் காலத்திற் செய்ததைப் பேருந்து வசதியுள்ள காலத்துத் தமிழ்ப் பட்டதாரிகள் செய்யாதிருத்தற்கு ஆவணப் பற்றாக்குறை காரணமன்று.

அருகிலேயே ஒரு முன்னுதாரணமும் உண்டு. அதே மலைத்தொடரிலே அங்கும்புறைப் பக்கம் உள்ள கல்ஹின்னை, அக்குறணையிலும் சிறிய முஸ்லிம் ஊர். இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கற்ற எஸ். எம். ஹனிபா அவ்வூரின் பெயராலே தமிழ் மன்றம் கண்டு நூல் வெளியீட்டில் இறங்கினார். தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணி குறித்து ம. மு. உவைஸ் எழுதிய ஆய்வு 1953இல் நூலாயிற்று. அதனை வெளியிட்டதும் அம்மன்றமே. பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்த மறுவருடம் அது. அன்று ஒரு சிற்றூரால் இயன்றது, இன்று தேசிய பாடசாலையும் ரஹ்மானியா அறபுக் கல்லூரியும் கடைத்தெருவின் செல்வமும் ஒருங்கே பெற்ற அக்குறணையால் இயலாதா? இயலும், கேட்பார் இல்லை. விழாவுக்குப் பந்தல் அமைக்கப் பணம் உண்டு, உறுதி ஒன்றைப் பிரதிசெய்யப் பணம் இல்லை என்று எந்த வணிகரும் சொல்லமாட்டார். அவரிடம் சென்று உறுதியைக் காட்டுமாறு கேட்கும் மாணவனைத்தான் இன்னும் காணோம்.

செய்யவேண்டியது அரிய காரியமும் அன்று. பள்ளிவாசல் மையவாடிகளில் எழுத்துள்ள கல்லறைக் கற்களைப் படியெடுத்தல். வயற்பெயர்களையும் வீட்டுப்பெயர்களையும் முதியோரிடம், குறிப்பாக உம்மாமாரிடம், கேட்டுப் பதிதல். அறபுத்தமிழ் ஏடுகளை நிழற்படமெடுத்தல். நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களில் பிங்கா ஓயாவின் கரையை இன்றைய கரையோடு ஒப்பிட்டுக் காட்டல். இவற்றுட் கடைசியானதை அச்சிடும் மலருக்கு விளம்பரம் கிடையாமற் போகலாம். அதனை அச்சிட வேண்டியது பல்கலைக்கழகத்தின் ஏடேயாகும். தமிழ்ச் சிறப்புக்கலை மாணவர் ஆண்டுதோறும் சமர்ப்பிக்கும் ஆய்வேடுகளுள் ஒன்றிரண்டை இதற்கு ஒதுக்கினாற் போதும். ஒரு சிங்களத் துறை மாணவரையும் உடனழைத்துச் செல்லல் நன்று. இடப்பெயர்களைத் தனியே தமிழ் மாணவரால் முற்றாகப் பிரித்தறிய இயலாது, கெதரப் பெயர்களைத் தனியே சிங்கள மாணவரால் வீட்டினுட் சென்று கேட்க இயலாது.

பணியைத் தொடங்கும் ஒழுங்கைப் பற்றி மாத்திரம் ஒரு குறிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழை ஆண்டுதோறும் வருகிறது. பிங்கா ஓயா முதலிற் புகுவது கடைவீதியின் கீழ்த்தளங்களிலும் ஆற்றோர வீடுகளிலுமே. தகரப் பெட்டிகளில் உறுதிகளும் கையேடுகளும் வைத்திருக்கும் குடும்பங்களைத் தேடிச் செல்வோர், மேட்டுத் தென்னைகளை மறுவருடத்திற்கு விட்டுவிட்டு, அவ்வீடுகளிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.